சாம்பிள் இருக்குதுங்களா?

கோவை பீளமேட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற லேத் பட்டறை அது. 2017-இல் ஒரு நாள், என் பழைய காரின் வாட்டர் பம்ப், அதாவது என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்ப், அதன் படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். படத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை. "படத்தை வெச்சு நான் என்னங்க பண்றது? சாம்பிள் இருக்குதுங்களா? எப்படி ஒடஞ்சிருந்தாலும் பரவால்லைங்க, பழசைக் கொண்டாங்க" என்றார்.

பழசு என்னிடம் இல்லை. முதலில் வண்டியைப் பிரித்த பட்டறையில் அதைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். நானும் பக்கத்தில் இல்லை. அந்த ஒரு பம்புக்காக எட்டு மாதம் வண்டி அசையாமல் நின்றது.

வண்டி 1974 மாடல் டொயோட்டா செலிகா. 1970 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை, டி.ஏ.22. இரண்டு கதவு. கதவுக் கண்ணாடிக்கும் அதற்குப் பின்னால் இருக்கிற பக்கவாட்டுக் கண்ணாடிக்கும் நடுவே தூண் கிடையாது. இரண்டையும் இறக்கிவிட்டால் பக்கவாட்டு முழுக்கத் திறந்துகொள்ளும். பாலக்காடு மாவட்டக் கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில், மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு பெரியவர் இதைக் கொண்டுவந்திருந்தார். மலேசிய வண்டி என்பதால் ஸ்டியரிங் நம் ஊர் போலவே வலப்பக்கம். நான் ஏழாவது படிக்கும்போது கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு அவர் அதில் வருவார். அம்பாசிடரும் பத்மினியும் நிற்கிற இடத்தில் அது வந்து நின்றால், நாங்கள் பையன்களெல்லாம் பள்ளிக்கூடத்தை மறந்துவிடுவோம். முப்பது வருடம் கழித்து அவருடைய மகனிடமிருந்து வாங்கினேன். நெல் களத்தோரக் கொட்டகையில், மட்டையும் உமி மூட்டையும் மேலே கிடக்க, 1997 முதல் அப்படியே நின்றிருந்தது.

வாங்குவதற்கு முன்னால் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஆர்.சி. புத்தகத்தையும் ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் உள்ளே ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கிற தகடு) பொறித்திருக்கிற சேசிஸ் நம்பரையும் டார்ச் அடித்து ஒப்பிட்டது. ஒரு இலக்கம் ஒத்துவரவில்லை. புத்தகத்தைப் புதுப்பித்தபோது ஏதோ ஓர் அலுவலகத்தில் 3-ஐ 8 என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்த ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஆனாலும் காசு கொடுப்பதற்கு முன்பே தெரிந்ததால், திருத்தும் வேலைக்கு விற்றவரே கூட வந்து கையெழுத்துப் போட்டார். வண்டி கை மாறிய பிறகு தெரிந்திருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். அப்புறம் டிங்கர் வேலை நடக்கும்போது அந்த நம்பர் இருக்கிற இடத்தில் உப்புத்தாள்கூடப் படக்கூடாது. அங்கே கிரைண்டர் தடம் இருந்தால், பின்னால் வண்டியைச் சோதிக்க வருகிற யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

பம்ப் கதைக்கு வருகிறேன். எட்டு மாதமும் "செலிகா வாட்டர் பம்ப்" என்று கேட்டுக்கொண்டே அலைந்தேன். கோவை, திருச்சூர், சென்னை, வெளிநாட்டு நண்பர்கள் என்று எல்லா இடத்திலும் இல்லை என்ற பதில்தான். கடைசியில் அதே பீளமேட்டுக்காரர்தான் கேட்டார்: "இந்த என்ஜின் இந்த வண்டியில மட்டுமாங்க வந்துச்சு?" அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இது 2டி என்ஜின். 1588 சிசி. அதே என்ஜின் அந்தக் காலத்து கொரோலாவிலும் கரீனாவிலும் வந்தது. கரீனாவுக்கும் செலிகாவுக்கும் அடித்தளமே ஒன்று. என்ஜின் பெயரைச் சொல்லித் தேட ஆரம்பித்த மூன்றாவது வாரம் பம்ப் கிடைத்துவிட்டது. அதிலிருந்து நான் வண்டிப் பெயரைச் சொல்லி எந்தப் பாகத்தையும் கேட்பதில்லை. என்ஜின் குறியீடு, கியர்பாக்ஸ் குறியீடு, பார்ட் நம்பர், இவ்வளவுதான்.

பார்ட் நம்பரைப் பற்றி ஒன்று. டொயோட்டாவில் ஆயில் சீல், பேரிங் போன்ற பொதுவான பாகங்களின் நம்பரிலேயே அளவு ஒளிந்திருக்கிறது. 90311 என்று தொடங்கினால் ஆயில் சீல்; நடுவில் இருக்கிற சிறு கோட்டுக்கு (-) அடுத்த இரண்டு இலக்கம் உள்விட்டம். 90311-38 என்று வந்தால் 38 மில்லி மீட்டர் தண்டில் உட்காரும் சீல். வெளிவிட்டத்தையும் அகலத்தையும் வெர்னியரில் அளந்துகொண்டு கோவை காந்திபுரத்தில் சீல் விற்கிற கடைக்குப் போனால் போதும். அது எந்த வண்டி என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இப்படி என் வண்டியின் முக்கால்வாசி சீல்களைச் சாதாரண விலையிலேயே வாங்கினேன்.

போல்ட் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஜப்பான் வண்டியில் 10 மில்லி மீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி பெரும்பாலும் 1.25 மில்லி மீட்டர். நம் ஊர்ப் போல்ட் கடையில் 10 மில்லி மீட்டர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது 1.5. இரண்டு சுற்று கையால் ஏறும், அப்புறம் இறுகும். இறுகுகிறதே என்று ஸ்பேனர் போட்டுத் திருகினால் என்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். தலையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: நம் ஊர்ப் போல்ட்டுக்கு 17 ஸ்பேனர், ஜப்பான் போல்ட்டுக்கு 14. ஸ்க்ரூவும் அப்படித்தான். கார்புரேட்டர் மூடியில் இருக்கிற கூட்டல் குறி ஸ்க்ரூக்கள் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலவே இருக்கும். ஆனால் அவை ஜே.ஐ.எஸ். என்கிற ஜப்பான் அளவு. பள்ளத்தின் அடி வேறு மாதிரி. நம் ஸ்க்ரூடிரைவர் முழுசாக உட்காராது, வழுக்கி வெளியே வந்து தலையைத் தேய்த்துவிடும். பழைய ஜப்பான் பைக், கார் எதைப் பார்த்தாலும் தேய்ந்துபோன ஸ்க்ரூத் தலைகள் இருப்பதற்கு இதுதான் காரணம். சில நூறு ரூபாயில் ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூடிரைவர் கிடைக்கிறது. வண்டியில் கை வைக்கும் முன்பு அதை வாங்கிவிடுங்கள்.

இனி துரு. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதில் ஒரு வருடத்தை இழந்தேன்.

அந்தக் காலத்து ஜப்பான் வண்டிகளின் தகடு மெல்லியது, துருவுக்கு எதிரான பாதுகாப்பும் குறைவு. எங்கள் சித்தூர்ப் பக்கம் கேரளத்தின் மற்ற இடங்களைவிட மழை குறைவு. ஆனால் வண்டி நின்ற கொல்லங்கோடு மலையடிவாரம், மழை அதிகம். கார்ப்பெட்டைத் தூக்கினால் டிரைவர் காலடியில் தரை தெரிந்தது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பிரைமர் அடித்து, கார்ப்பெட்டும் விரித்தாயிற்று. அடுத்த இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்தது. ஜூன் மாதம் முடிவதற்குள் கார்ப்பெட் மறுபடி ஈரம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல், தண்ணீர் தின்ற இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். வைப்பருக்கு அடியில் காற்று உள்ளே போகிற ஜன்னல் போன்ற இடம் இருக்கிறதல்லவா, அதற்குள் இருபது வருட வேப்பிலையும் தேங்காய் நாரும் மக்கி மண்ணாகவே ஆகியிருந்தது. வடிகால் ஓட்டை அடைத்து, தேங்கிய நீர் தகட்டை ஓட்டை போட்டு உள்ளே இறங்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கசிவைக் கண்டுபிடிக்க இப்போது ஒரே முறையைத்தான் பின்பற்றுகிறேன். கார்ப்பெட், சீட் எல்லாம் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டும். இன்னொருவர் தோட்டத்துக் குழாயை மெதுவாகத் திறந்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் விட வேண்டும். முதலில் கதவின் அடி, பிறகு கதவுக் கண்ணாடியின் கீழ் ரப்பர், பிறகு வைப்பர் பக்கம், முன் கண்ணாடி, கடைசியில் கூரை. மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்துவிடும், எது கசிகிறது என்று சொல்லவே முடியாது. என் மகளை உள்ளே உட்காரவைத்தேன். "அப்பா, பெடலுக்கு மேலே சொட்டுது" என்று அவள் கத்தியதுதான் அந்த வருடத்து நல்ல செய்தி.

இரண்டாம் முறை பற்றவைக்கும் வேலையைப் பாலக்காட்டிலிருந்து வந்த ஒரு சேட்டன் செய்தார். தமிழும் மலையாளமும் கலந்துதான் எங்கள் பேச்சு. அவர் முதலில் சொன்னது: "சேட்டா, கதவுக்கு அடியிலே கட் செய்யும் முன்னே ஒரு ஆங்கிள் வைக்கணும்." தூண் இல்லாத வண்டிக்குக் கதவுக்கு அடியில் ஓடுகிற பெட்டித் தகடுதான் முதுகெலும்பு. அதை வெட்டினால் வண்டி நடுவில் தொய்யும். பிறகு கதவு எந்த ஜென்மத்திலும் சரியாக மூடாது. அதனால் வண்டியைச் சமதரையில், சக்கரங்கள் தாங்குகிற இடங்களுக்கு நேராக முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். கதவுத் திறப்பின் குறுக்கே இரும்பு ஆங்கிளைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, கதவு இடைவெளிகளை மேலும் கீழும் அளந்து சுவரில் எழுதினோம். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அந்த எண்களைச் சரிபார்த்தோம். கேஸ் வெல்டிங் வேண்டாம் என்று அவர் உறுதியாக நின்றார். மெல்லிய தகடு சூட்டில் அப்பளம் போல நெளிந்துவிடும். மிக் வெல்டிங்கில் இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி நடுவில் ஒரு பொட்டு. ஒரு பக்கம் முடிக்க ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளையும் நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு பொறுமையான கையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

வெறும் தகட்டின் மேல் நேராகப் பட்டி பார்க்க விடாதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். முதலில் எபாக்சி பிரைமர், அதன் மேல்தான் பட்டி, அதுவும் மெல்லிசாக. ஆடியில் பெயிண்ட் அடிக்கவும் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த மாதத்தில் தோட்டத்து மண்ணையே கொண்டுவந்து பெயிண்ட் மேல் ஒட்டிவிடும். நாங்கள் தை மாதம் வரை காத்திருந்து அடித்தோம்.

என்ஜின் வேலை இதைவிட எளிதாக இருந்தது என்றால் ஆச்சரியப்படாதீர்கள். கோவைக்காரர்களுக்கு, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதும் ஹெட்டின் அடியைச் சமமாகத் தேய்ப்பதும் பரம்பரைத் தொழில் மாதிரி. 0.50 மில்லி மீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டனில் சரியாகிவிட்டது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட். முந்தைய காலத்தில் ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று குடத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். பிளாக்கின் நீர்ப்பாதையில் அரை அங்குலத்துக்குச் சுண்ணாம்பு. ஹெட்டில் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அலுமினியம் அரித்திருந்தது. வெல்டு வைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. இப்போது டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் தவிர ஒரு சொட்டு வேறெதுவும் உள்ளே போவதில்லை. வழியில் சூடானாலும் டிக்கியில் இரண்டு லிட்டர் வைத்திருப்பேன். பெட்டிக்கடைக் குடத்தை நம்ப மாட்டேன்.

ஆயிலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த என்ஜினில் வால்வுகளைத் திறக்க வைக்கிற கேம்ஷாஃப்ட், தட்டையான டேப்பெட்டின் மேல் தேய்ந்து ஓடுகிறது. அதைக் காப்பது ஆயிலில் இருக்கிற துத்தநாகச் சேர்மம். புதிய கார்களுக்கான ஆயில்களில், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாமல் இருக்க அதைக் குறைத்துவிட்டார்கள். விலை அதிகம் என்பதற்காகப் புதுக் கார் ஆயில் ஊற்றுவது இந்த என்ஜினுக்குச் செய்கிற நன்மை ஆகாது. துத்தநாகம் போதுமான அளவு இருக்கிற 20டபிள்யூ-50 மினரல் ஆயில்தான் நான் ஊற்றுவது. புதுக் கேம் போட்ட முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல், இருபது நிமிடம் 2000 ஆர்.பி.எம்-க்கு மேல் ஓடவிட்டோம். டேப்பெட் இடைவெளி, என்ஜின் சூடாக இருக்கும்போது இன்டேக் 0.20 மில்லி மீட்டர், எக்ஸாஸ்ட் 0.33. டெல்கோவில், அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரில், பாயிண்ட் இடைவெளி 0.45. இந்த மூன்றையும் 5000 கிலோமீட்டருக்கு ஒரு முறை நானே பார்க்கிறேன். இது யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான்.

பிரேக்கில் ஒரு முறை பயந்தேன். வாளையாறு தாண்டிக் கோவைக்குப் போகும்போது முன் சக்கரத்திலிருந்து கருகிய வாடை. இறங்கித் தொட்டால் ரிம் கொதிக்கிறது. பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் டிஸ்க்கை பேட் கவ்விப் பிடித்திருக்கிறது. பேடை அழுத்துகிற கேலிப்பரைப் பிரித்தோம், சுத்தமாக இருந்தது. குற்றவாளி ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்கப் புதிது மாதிரி, உள்ளே வீங்கி ஒட்டிப்போயிருந்தது. காலால் அழுத்தும் வேகத்தில் ஆயில் உள்ளே போகிறது, திரும்பி வர வழியில்லை. வெளித்தோற்றத்தைப் பார்த்து ஹோஸை விட்டுவைக்காதீர்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆனது எதுவானாலும் மாற்றுங்கள். பழைய ஹோஸைக் கொடுத்தால் அதே நீளத்துக்கு, அதே முனைகளோடு புதிதாகப் பிரஸ் செய்து தருகிற இடங்கள் இருக்கின்றன. இங்கேயும் சாம்பிள்தான். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நம் மழைக்காலத்தில் இன்னும் வேகமாக.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1974-இல் செய்த ரப்பருக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்குகிற வைட்டான் உள்பூச்சு ரகமாக மாற்றினேன். இந்த என்ஜினில் பெட்ரோல் பம்ப் மெக்கானிக்கல், உள்ளே டயஃப்ரம் என்கிற சவ்வு. அது கிழிந்தால் பெட்ரோல், என்ஜினின் அடியில் ஆயில் நிற்கிற சம்ப்புக்குள்ளும் இறங்கக்கூடும். எனக்கு அப்படித்தான் ஆனது. ஒரு நாள் டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு போன வாரத்தைவிட ஏறியிருந்தது. ஆயில் குறைந்தால் பயப்படுவோம், ஏறினால் யாரும் கவனிக்க மாட்டோம். முகர்ந்து பார்த்தேன், பெட்ரோல் நெடி. அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் எல்லாம் போயிருக்கும். எத்தனால் தண்ணீரையும் ஈர்க்கும். அதனால் மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் லைனைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துகிறேன். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டின் ஓட்டையில் அடைப்பு என்றால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு மாறிவிடும். காற்றடித்தோ அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டோ சுத்தம் செய்யுங்கள்.

பலர் வண்டியை வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் அது கெடுதல். என்ஜின் முழுசாகச் சூடாவதற்குள் நிறுத்தினால் சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தண்ணீர் தங்கிவிடும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போதும், ஆனால் அரைமணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும். எனக்கு வழி நெம்மாறை தாண்டிப் போத்துண்டி அணை வரை. ஏறத் தெம்பிருக்கும் நாளில் நெல்லியாம்பதி வளைவுகள். ஒரு டன்கூட எடை இல்லாத வண்டி, பின் சக்கரத்தில் இழுவை, இரண்டாம் கியரில் ஒவ்வொரு வளைவிலும் கார்புரேட்டர் மூச்சு வாங்குகிற சத்தம். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் இந்த எல்லா வேலையும்.

"பழைய என்ஜினைத் தூக்கிவிட்டுப் புது ஸ்விஃப்ட் என்ஜின் வைத்துவிடு, தொல்லையில்லை" என்று சொன்னவர்கள் உண்டு. நான் மறுத்ததற்கு ஆசை மட்டும் காரணமில்லை. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்து 'வி.ஏ.' வரிசை நம்பர் வாங்கலாம். ஆனால் சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். நான் இன்னும் அதற்குப் போகவில்லை, ஏனென்றால் அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் இவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. அதனால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சாதாரணப் புதுப்பிப்பையே செய்கிறேன். என்றாலும் அந்த வழி திறந்திருக்க வேண்டும் என்பதற்காக மூல என்ஜினை விடவில்லை.

கழற்றிய பாகங்கள் இப்போது என் மோட்டார் ரூமில் பிஸ்கட் டப்பாக்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் தேதி, எந்தப் பக்கம், எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். தேய்ந்த பேரிங், நைந்த ரப்பர், உடைந்த கிளிப் எதுவும் வெளியே போகவில்லை. வேலைக்கு வருகிறவரிடம் முதல் நாளே டப்பாவைக் கையில் கொடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர்.

ஒன்று மட்டும் பாக்கி. இடப்பக்கக் கதவுக் கண்ணாடியும் அதற்குப் பின்னால் இருக்கிற பக்கவாட்டுக் கண்ணாடியும் சேருகிற இடத்தில் நெட்டுக்கு நிற்கிற ரப்பர், அது இன்னும் கசிகிறது. இடப்பக்கத்துப் பழசு, பம்போடு சேர்ந்து அந்த முதல் பட்டறையிலேயே போய்விட்டது. வலப்பக்கத்தது முழுசாக இருக்கிறது, ஆனால் இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிர். கோவை கணபதி பகுதியில் ரப்பர் மோல்டு போடுகிறவர், வலதைப் பார்த்து இடதுக்கு டை வெட்டலாம் என்கிறார், ஆனால் அளவெடுக்க ஒரிஜினல் ஒரு வாரம் அவரிடம் இருக்க வேண்டுமாம். இருக்கிற ஒரே துண்டைக் கையை விட்டுக் கொடுக்க மனது வரவில்லை. திங்கட்கிழமை பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறேன். அவர் அளவெடுத்து முடிக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருக்கப்போகிறேன்.